வளையலும் அளவியும்: கருவுற்ற தாயின் உடலியக்கத்தை அளத்தல்



மொழி வளர்ச்சிக்கென நடைபெறும் இச்சொற்பொழிவு வரிசையில், உடலியங்கியல் கற்பிக்கும் எனக்கும் ஓர் இடம் அளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. இலக்கியம் பேசும் மேடையில் கைக்கடிகாரத்தையும் கலோரியையும் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். கருவுற்ற ஒரு பெண் எவ்வளவு அசைகிறாள், எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறாள் என்பதை அளப்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். அதில் கருவிக்கு இருக்கும் பங்கு மொழிக்கும் இருக்கிறது என்பதை என் பேச்சு முடியும்போது நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

என் தங்கை மகள் இரண்டாம் முறை கருவுற்றிருந்தாள். ஆறாம் மாதத்தில் அவளுக்குக் கர்ப்பகால நீரிழிவு இருப்பது தெரியவந்தது. உணவுக்குப் பின் சற்று நடக்குமாறு மருத்துவர் சொன்னார். அவளுக்கு உதவும் என்று எண்ணி, மணிக்கட்டில் அணியும் அளவி ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஓர் இரவு அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. “பெரியம்மா, நான் இன்றைக்கு நடக்கவே இல்லையாம். இரண்டாயிரத்துச் சொச்சம் காலடிதானாம்” என்றாள். குரல் கம்மியிருந்தது.

அன்று அவள் செய்தவற்றைக் கேட்டேன். இரண்டு வயது மகனைத் தள்ளுவண்டியில் வைத்து ஈரச்சந்தைக்குப் போய் வந்திருக்கிறாள். இரு கைகளிலும் பைகள். துணி துவைத்து மூங்கில் கழிகளில் உலர்த்தியிருக்கிறாள். வீடு முழுவதையும் துடைத்திருக்கிறாள். அடம்பிடித்த பிள்ளையை இடுப்பில் சுமந்தபடியே சமைத்திருக்கிறாள். இத்தனைக்கும் பிறகு, அளவி காட்டிய குறையை ஈடுகட்ட இரவு பதினொரு மணிவரை புளோக்கின் கீழ்த்தளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். மறுநாள் கால்கள் வீங்கி எழ முடியாமல் கிடந்தாள். “என் பிள்ளைக்காக இதைக்கூட என்னால் செய்ய முடியவில்லையே” என்று அழுதாள்.

அவள் எதிலும் குறை வைக்கவில்லை. அளவியைக் கொடுத்த நான், அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்வதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

‘ஆம்’ என்னும் எச்சரிக்கை

அவள் சொன்ன தொடரை மீண்டும் கவனியுங்கள். “நடக்கவே இல்லையாம்.” தான் நேரில் கண்டு அறியாததை, பிறர் சொல்லக் கேட்டதை உரைக்கும்போது நாம் ‘ஆம்’ சேர்க்கிறோம். ‘மழை பெய்தது’ என்பதற்கும் ‘மழை பெய்ததாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்குள்ள மாணவர் எவரும் அறிவர். இரண்டாவது தொடரில், ‘இதற்கு நான் பொறுப்பில்லை, சொன்னவரைக் கேளுங்கள்’ என்னும் குறிப்பு ஒலிக்கிறது.

அணிகருவி தரும் எண்களைப் படிக்க இந்த ‘ஆம்’ நமக்குப் பெரிதும் உதவும். கருவி நேரே கண்டது எது, கணித்துச் சொன்னது எது என்று பிரித்தறிய வேண்டும். கணித்துச் சொன்ன ஒவ்வொன்றின் பின்னும் ஓர் ‘ஆம்’ சேர்த்துப் படிக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, உடலின் ஆற்றலை அளக்கும் வழிகளைப் பார்ப்போம்.

ஆற்றலை அளக்கும் வழிகள்

உடல் உணவை எரித்து ஆற்றல் பெறுகிறது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். எரிந்தபின் கரியமில வாயு வெளியேறும். உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கரியமில வாயுவையும் அளந்தால் செலவான ஆற்றல் தெரிந்துவிடும். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 5 கிலோகலோரி என்பது கணக்கு. ஆய்வகத்தில் ஒருவரைப் படுக்க வைத்து, தலைக்கு மேல் கண்ணாடி போன்ற கூடாரத்தைக் கவிழ்த்து, மூச்சுக் காற்றை அளப்பார்கள். இது நம்பகமான முறைதான். ஆனால் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு யாரும் சந்தைக்குப் போக முடியாது.

இயல்பான வாழ்க்கையில் அளப்பதற்கு வேறொரு வழி கண்டார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நேத்தன் லிஃப்சனும் அவருடைய குழுவினரும் 1955இல் விலங்குகளைக் கொண்டு அம்முறையை விளக்கினர். 1982இல் அது மனிதருக்குப் பயன்படுத்தப்பட்டது. நீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ளன அல்லவா? அவ்விரண்டின் கனமான வகைகளும் கலந்த நீரைச் சிறிதளவு குடிக்கக் கொடுப்பார்கள். இவை கதிர்வீச்சு இல்லாதவை. ஆகவே தாய்க்கும் கருவுக்கும் தீங்கில்லை. கன ஹைட்ரஜன் சிறுநீர், வியர்வை போன்ற நீராக மட்டுமே வெளியேறும். கன ஆக்சிஜனோ நீராகவும் வெளியேறும், கரியமில வாயுவாகவும் வெளியேறும். ஓரிரு வாரங்களுக்குச் சிறுநீர் மாதிரிகளைச் சோதித்து, இரண்டும் குறையும் வேகத்தில் உள்ள வேறுபாட்டைக் கண்டால், எவ்வளவு கரியமில வாயு உண்டானது என்று தெரியும். அதிலிருந்து ஆற்றல் செலவைக் கணக்கிடலாம்.

மக்கள் அன்றாட வாழ்க்கையில் செலவிடும் ஆற்றலை அளப்பதற்கு இம்முறையே அளவுகோலாகக் கருதப்படுகிறது. மற்றக் கருவிகளை இதனோடு ஒப்பிட்டே சரிபார்க்கின்றனர். ஆயினும் இதற்குச் செலவு மிகுதி. மேலும், இது முழுத் தொகையை மட்டுமே சொல்லும். செவ்வாய்க்கிழமை என்ன செய்தாள், புதன்கிழமை என்ன செய்தாள் என்று சொல்லாது. அந்த விவரத்துக்காகத்தான் அணிகருவிகளை நாடுகிறோம்.

கருவுற்ற உடல் கேட்பது

அளவியைப் பார்ப்பதற்கு முன், அளக்கப்படும் உடலில் நிகழும் மாற்றத்தையும் அறிந்துகொள்வோம்.

“இனிமேல் இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும்” என்று நம் வீடுகளில் அன்போடு சொல்வார்கள். உண்மையில் எவ்வளவு கூடுதலாக வேண்டும்? ஐக்கிய நாட்டு உணவு, வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004இல் வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்கைத் தருகிறது. முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குக் கூடுதலாக 85 கிலோகலோரி, அடுத்த மூன்று மாதங்களில் 285, கடைசி மூன்று மாதங்களில் 475. சராசரியாக 12 கிலோ எடை கூடும் தாய்க்கு, பேறுகாலம் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 77,000 கிலோகலோரி. நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி செலவிடும் பெண்ணுக்குக் கடைசி மாதங்களில்கூடக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடுதல் உணவு வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கான உணவு தேவையில்லை.

அந்தக் கூடுதல் ஆற்றலில் ஒரு பகுதி கருவாகவும் பனிக்குட நீராகவும் தாயின் கொழுப்பாகவும் சேர்கிறது. இன்னொரு பகுதி, தாய் அசையாமல் படுத்திருக்கும்போதே செலவாகிறது. இதயம் மிகுதியான குருதியைச் செலுத்த வேண்டும். சிறுநீரகமும் நுரையீரலும் கூடுதலாக உழைக்க வேண்டும். அடிப்படை ஆற்றல் செலவு கடைசி மாதங்களில் கருவுறுவதற்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உயர்கிறது என்று அதே அறிக்கை கூறுகிறது. கருவுற்ற பெண் சும்மா உட்கார்ந்திருப்பதாக நமக்குத் தோன்றும் வேளையிலும் அவள் உடல் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

இந்த உழைப்பை மணிக்கட்டு அறியாது. ஏனெனில் அதில் அசைவு இல்லை.

மணிக்கட்டில் நடப்பது என்ன?

அணிகருவிக்குள் முடுக்கமானி என்றோர் உறுப்பு உண்டு. சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத அளவிலான ஒரு சிறு திண்மம், மெல்லிய வில்களில் தொங்கிக்கொண்டிருக்கும். கை அசையும்போது அது சற்றே இடம்பெயரும். அந்தப் பெயர்ச்சி மின் குறியாக மாறும். மேல் கீழ், இடம் வலம், முன் பின் என்று மூன்று திசைகளிலும் இவ்வாறு அளக்கிறது. கருவி நேரே காண்பது இது ஒன்றைத்தான்.

இதற்கு மேல் வருவன எல்லாம் படிப்படியாகச் சேரும் ‘ஆம்’கள். அசைவில் சீரான ஏற்ற இறக்கம் தெரிந்தால் அதைக் காலடி என்று எண்ணுகிறது. இது முதல் ‘ஆம்’. அசைவு ஒரு வரம்பைத் தாண்டினால் மிதமான உழைப்பு என்கிறது, இது இரண்டாவது. நீங்கள் முன்பு பதிந்த வயது, உயரம், எடை ஆகியவற்றோடு இதயத் துடிப்பையும் சேர்த்து இத்தனை கிலோகலோரி என்கிறது, இது மூன்றாவது. படி ஏற ஏற உறுதி குறைகிறது. ஆனால் திரையில் எல்லா எண்களும் ஒரே அளவில், ஒரே ஒளியில் தெரிகின்றன.

பேறுகாலத்தில் ஒவ்வொரு படியிலும் என்ன பிசகுகிறது என்று பாருங்கள்.

முதலாவது காலடி. தள்ளுவண்டியின் பிடியைப் பற்றிய கை வீசுவதில்லை. பை சுமக்கும் கையும் வீசுவதில்லை. ஆகவே என் தங்கை மகள் சந்தைக்கு நடந்த நடையில் பெரும்பகுதி கணக்கில் ஏறவில்லை. அதே கை சப்பாத்தி மாவு பிசைந்தாலோ கிண்டினாலோ, உட்கார்ந்த இடத்திலேயே காலடிகள் சேர்ந்துவிடக்கூடும். சரி, இடுப்பில் அணியலாமே என்பீர்கள். ஆய்வாளர் பலர் அப்படித்தான் செய்கின்றனர். வயிறு பெருக்கப் பெருக்க இடுப்புப் பட்டை கீழிறங்கும், கருவி சாயும், சாய்ந்த கருவி குறைவாக எண்ணும். அதோடு, கடைசி மாதங்களில் நடை மெதுவாகிறது. மென்மையான காலடிகளைக் கருவி தவறவிடுவதும் உண்டு. ஆனால் அந்த மெதுவான நடையே அவளுக்கு முன்பைவிடக் கடினமான உழைப்பு.

இரண்டாவது எடை. உடலியங்கியலில் ‘மெட்’ என்றோர் அலகு உண்டு. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலே ஒரு மெட்; உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி. மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள பெண் 3 மெட் அளவில் அரை மணி நேரம் நடந்தால் 60 × 3 × 0.5 = 90 கிலோகலோரி. அவள் எடை 72 கிலோ ஆனபின் அதே நடைக்கு 72 × 3 × 0.5 = 108. கருவியில் பழைய எடையே பதிவாகி இருந்தால் அது 90 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது இதயத் துடிப்பு. கருவியின் அடியில் மின்னும் பச்சை ஒளி, தோலுக்குக் கீழே ஓடும் குருதியின் ஏற்ற இறக்கத்தைக் கண்டு துடிப்பை எண்ணுகிறது. கருவுற்ற பெண்ணுக்கு ஓய்வில் இருக்கும்போதே துடிப்பு நிமிடத்துக்குப் பத்து முதல் இருபதுவரை கூடும். இதை அறியாத கருவி, அவள் எங்கோ விரைந்து நடப்பதாக எண்ணி ஆற்றலைக் கூட்டிச் சொல்லலாம். பழைய எடை கணக்கைக் குறைக்கிறது. புதிய துடிப்பு கணக்கைக் கூட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது.

வளைகாப்பு நாளையும் இங்குச் சொல்ல வேண்டும். இரு கைகளிலும் கண்ணாடி வளையல்களை அடுக்குவதற்காக என் தங்கை மகள் அளவியைக் கழற்றி வைத்தாள். காலை முதல் மாலைவரை நின்றும் நடந்தும் குனிந்தும் வந்தவர்களை வணங்கினாள். மாலையில் அளவியில் பார்த்தால் வெறும் சுழியம். கழற்றி வைத்த நேரமும் அசையாதிருந்த நேரமும் கருவிக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடும். ஆகவேதான் ஆய்வாளர்கள் ஏழு நாள் அணியச் சொல்லி, அவற்றுள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரமேனும் அணிந்திருந்த நாள்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வதை வழக்கமாக வைத்திருக்கின்றனர்.

பிசகு எவ்வளவு?

2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளை 60 பேருக்கு அணிவித்துச் சோதித்தனர். நடத்தல், ஓடுதல், மிதிவண்டி மிதித்தல் ஆகிய வேலைகளின்போது மூச்சுக் காற்றையும் உடன் அளந்தனர். ஏழில் ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 விழுக்காட்டுக்குள் சரியாகச் சொல்லின. ஆற்றல் செலவை ஒன்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை. மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது. மிக மோசமானது 93 விழுக்காடு பிசகியது.

அந்த ஆய்வு கருவுற்ற பெண்களுக்கென நடத்தப்பட்டதன்று. கருவிகளும் அதன்பின் மாறியுள்ளன. ஆயினும் அந்த 27 விழுக்காட்டை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி செலவிடும் பெண்ணின் கணக்கில் அத்தகைய பிசகு நேர்ந்தால், அது 540 கிலோகலோரி. கடைசி மூன்று மாதங்களில் அவளுக்குத் தேவைப்படும் கூடுதல் ஆற்றலோ 475 கிலோகலோரி. நாம் தேடும் பொருளைவிடத் தேடும் கருவியின் பிழை பெரிதாக இருக்கிறது. இத்தகைய எண்ணை நம்பி ஒரு தாய் தன் தட்டில் சோற்றைக் குறைத்துக்கொண்டால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பத்தாயிரம் காலடி என்னும் இலக்கின் வரலாறும் அறிந்துகொள்ளத்தக்கது. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்கு விட்ட நடைமானியின் பெயர் ‘மான்போ-கெய்’. ‘பத்தாயிரம் காலடி மானி’ என்பது அதன் பொருள். விற்பனைக்காக வைத்த பெயர் பிற்பாடு உலகெங்கும் இலக்காயிற்று. நடப்பது நன்று என்பதில் ஐயமில்லை. நம் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் தொடங்கிய தேசியக் காலடிச் சவால் பலரை எழுந்து நடக்க வைத்தது. ஆனால் பத்தாயிரம் என்பது கருவுற்ற பெண்களுக்கென எவரும் வகுத்த அளவன்று. அதை எட்டவில்லையே என்று ஏழாம் மாதத்தில் இரவு பதினொரு மணிக்கு அழ வேண்டியதும் இல்லை.

ஒரே அசைவு, இருவேறு வாழ்க்கை

கருவி முற்றிலும் துல்லியமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி எஞ்சும். அசைவு கூடினால் நல்லதா?

சிங்கப்பூரில் 2009இல் ‘கஸ்டோ’ என்னும் நெடுங்கால ஆய்வு தொடங்கியது. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சீன, மலாய், இந்தியத் தாய்மார்கள் ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் அதில் சேர்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. நம் நகரத்தில் உணவுக்குக் குறைவில்லை, உட்கார்ந்து செய்யும் வேலையும் மிகுதி. இங்கே உடலியக்கம் மருந்தாகிறது. தடையேதும் இல்லாத கருவுற்ற பெண்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது.

இந்தியாவின் புனே நகருக்கு அருகே ஆறு சிற்றூர்களில் 1990களில் நடந்த ஆய்வு வேறொரு காட்சியைக் காட்டுகிறது. அங்குக் கருவுற்ற பெண்கள் தண்ணீர் சுமந்தனர், துணி துவைத்தனர், வயலில் உழைத்தனர். உணவோ போதவில்லை. அவர்கள் செய்யும் வேலைகளையே கேள்விகளாக வைத்து ஆய்வாளர்கள் அவர்களின் உழைப்பை மதிப்பிட்டனர். மிகுதியாக உழைத்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் சராசரியாகச் சற்றே சிறியனவாக இருந்தன.

ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் கெனேபா என்னும் ஊர்ப் பெண்களிடம் நடந்த ஆய்வுகள் இன்னும் வியப்பானதொன்றைக் காட்டின. உணவு குறைந்த சூழலில், கருவுற்ற தாயின் அடிப்படை ஆற்றல் செலவு முதற்பாதியில் உயர்வதற்கு மாறாகக் குறைந்தது. தாயின் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. வறுமையில் இருக்கும் இல்லத்தரசி பிள்ளைகளுக்காகத் தன் பங்கைக் குறைத்துக்கொள்வதைப் போன்றது இது.

ஓர் அளவியை இம்மூன்று இடங்களிலும் கட்டிவிட்டால் மூன்று எண்கள் கிடைக்கும். அவற்றுள் எது விரும்பி நடந்த நடை, எது வேறு வழியின்றிச் சுமந்த சுமை என்பதை எண் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவள் தாய். அவளிடம் கேட்க வேண்டியவர்கள் நாம்.

கேள்வியும் ஒரு கருவியே

கேட்பது எளிதன்று. “நீங்கள் உடற்பயிற்சி செய்கிறீர்களா?” என்று என் தங்கை மகளிடம் கேட்டால், “எங்கே நேரம்?” என்பாள். படிவத்தில் ‘இல்லை’ என்று பதிவாகும். ‘உடலுழைப்பு உண்டா?’ என்று கேட்டால், “நான் கூலி வேலைக்குப் போகவில்லையே” என்பாள். இரண்டும் உண்மையான விடைகள். இரண்டிலும் அவளுடைய நாள் முழுவதும் விடுபட்டுப் போகிறது. ஆங்கிலத்தில் ஒரே தொடரால் குறிக்கும் பொருளுக்கு நம்மிடம் உடற்பயிற்சி, உடலுழைப்பு, உடலியக்கம் என மூன்று சொற்கள் உள்ளன. பயிற்சி என்றால் நேரம் ஒதுக்கிச் செய்வது. உழைப்பு என்றால் பிழைப்புக்காகச் செய்வது. இயக்கம் என்னும் சொல் இரண்டையும் தழுவும். பிள்ளையைத் தூக்குவதையும் தழுவும். ஆனால் அது பாடநூலில் இருக்கிறது, அடுக்களையில் இல்லை. சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே நாம் அளவையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிசா சாசன்-டேபரும் அவர் குழுவினரும் 2004இல் கருவுற்ற பெண்களுக்கென ஒரு வினாநிரலை வெளியிட்டனர். அதில் 32 செயல்கள் உள்ளன. பெண்களுக்கு முடுக்கமானி அணிவித்து ஒப்பிட்டும் பார்த்தனர். விளையாட்டை மட்டும் கேட்காமல் சமைத்தல், பிள்ளை பராமரித்தல், முதியோரைக் கவனித்தல் ஆகியவற்றையும் கேட்டது அதன் சிறப்பு. உலகின் பல மொழிகளில் அதைப் பெயர்த்திருக்கின்றனர்.

ஆனால் அந்த வினாநிரலில் புல்வெட்டும் வண்டியில் அமர்ந்து புல் வெட்டுவதும் ஒரு செயலாக இருக்கிறது. பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கும் நம் தாய்க்கு அதை எப்படிப் பெயர்ப்பது? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ் சரியாக இருக்கும். கேள்வி பயனற்றுப் போகும். அந்த இடத்தில் நம் தாய்மார் செய்யும் வேலைகள் வர வேண்டும். ஈரத்துணியோடு மூங்கில் கழியைத் தூக்கிச் சன்னலுக்கு வெளியே நீட்டுதல், குந்தியிருந்து கோலமிடுதல், தரை துடைத்தல், கடையில் நாள் முழுவதும் நிற்றல், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் நிலையப் படியேறுதல் ஆகியவை வர வேண்டும். இதைச் செய்வதற்கு அறிவியலறிவு மட்டும் போதாது. மொழியறிவு மட்டும் போதாது. அந்த வீட்டையும் அறிந்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து ஒரு வகுப்பை நடத்துங்கள். மாணவர்கள் தத்தம் பாட்டியிடமோ அம்மாவிடமோ, “நான் வயிற்றில் இருந்தபோது, அப்பா வயிற்றில் இருந்தபோது, ஒரு நாளில் என்னென்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்டு எழுதி வரட்டும். அவ்வேலைகளுக்கு வீட்டில் வழங்கும் சொற்களையே எழுதட்டும். பிறகு அவற்றுள் எவற்றை மணிக்கட்டு அளவி காணும், எவற்றைக் காணாது என்று வகுப்பில் பிரித்துப் பார்க்கட்டும். முடுக்கத்தைப் பற்றிய பாடமும் நடக்கும். மொழிபெயர்ப்பைப் பற்றிய பாடமும் நடக்கும்.

கருவியை எப்படிக் கையாளுவது?

அளவியைக் கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குரிய வேலையை மட்டும் கொடுங்கள் என்கிறேன். அதில் எடையை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஒரு நாளின் எண்ணைப் பிறருடைய எண்ணோடு ஒப்பிடாமல், ஒரு வாரத்தின் போக்கைத் தன் முந்தைய வாரத்தோடு ஒப்பிட வேண்டும். நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் நினைவூட்டுவதற்கு அது நல்ல துணை. கிலோகலோரி எண்ணைப் பார்த்தால் ‘ஆம்’ சேர்த்துப் படித்துவிட்டு விட்டுவிட வேண்டும். எவ்வளவு உண்பது என்பதை மருத்துவரும் உணவு ஆலோசகரும் சொல்லட்டும். தலைச்சுற்றல், நெஞ்சுவலி, குருதிப்போக்கு, கெண்டைக்கால் வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் நடையை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். அப்போது அளவியில் என்ன எண் இருந்தாலும் பொருட்டில்லை.

மிதமான உடலியக்கம் என்று எப்படி அறிவது? இதயத் துடிப்பை நம்ப முடியாத பேறுகாலத்தில் மருத்துவர்கள் ஓர் எளிய சோதனையைப் பரிந்துரைக்கின்றனர். அதன் பெயர் பேச்சுச் சோதனை. நடந்துகொண்டே உங்களால் பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான அளவு. பேசவும் திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மின்கலம் வேண்டாம், திரை வேண்டாம். எடை கூடக் கூட, துடிப்பு மாற மாற, இந்த அளவுகோலும் தாயோடு சேர்ந்தே மாறும். அவள் உடல் அன்று எப்படி இருக்கிறதோ, அதற்கேற்ப விடை சொல்லும்.

என் தங்கை மகளிடம் இதைச் சொன்னேன். எஞ்சிய வாரங்களில் இரவு உணவுக்குப் பின் அவளும் கணவரும் இருபது நிமிடம் நடந்தார்கள். மகன் தள்ளுவண்டியில். அவள் பேசிக்கொண்டே நடப்பாள். மூச்சு முட்டினால் நின்றுகொள்வாள். பகலில் செய்த வேலைகளை ஒரு குறிப்பேட்டில் தன் சொற்களிலேயே எழுதி வைத்தாள். அதை மருத்துவரிடம் காட்டியபோது, “இவ்வளவு வேலையா செய்கிறீர்கள்? முதலில் பகலில் ஒரு மணி நேரம் படுங்கள்” என்றாராம். அந்த ‘ஆம்’ மட்டும் நான் ஐயமின்றி ஏற்றுக்கொண்டது. குழந்தைக்கு இப்போது எட்டு மாதம். அளவி மேசை இழுப்பறையில், வளைகாப்பு வளையல்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கருவிகள் இனியும் கூர்மையாகும். கருவுற்ற பெண்களுக்கென்றே கணக்கிடும் முறைகளும் வரும், வர வேண்டும். அவற்றை உருவாக்குவோர் இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் மாணவர்களாகவும் இருக்கலாம். அவ்வாறு உருவாக்கும்போது, மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். “இன்று என்னம்மா செய்தாய்?” என்று அவளுக்குப் புரியும் தமிழில் கேளுங்கள். அவள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.